உடைந்த முன்பல்லும் உழைப்பவர் கைப்பொருளும்

வரலாறு எழுதுவோர் பேரரசுகளின் எழுச்சியை எழுதுவர், போர்களை எழுதுவர், புதிய நிலம் கண்டவர்களின் பயணங்களை எழுதுவர். கல் தடுக்கி விழுந்த சிறுவன் ஒருவனின் முன்பல் முனை உடைந்தபோது அவனுடைய வீட்டார் என்ன செய்தனர், அவர்கள் கையிலிருந்த காசுக்கு என்ன கிடைத்தது என்று எழுதியவர் மிகச் சிலரே. ஆயினும் இச்சிறு செய்தியை நூல்பிடித்துச் சென்றால், மருத்துவம் எவ்வாறு செல்வர் வீட்டிலிருந்து எளியவர் வாயிலுக்கு வந்து சேர்ந்தது என்னும் பெரிய செய்தியை அடையலாம். அந்த வழியில் நம் நாட்டுக் காட்டு மரமும் நம் முன்னோர் பால் வெட்டிய தோட்டமும் குறுக்கிடுகின்றன. ஆகவே இவ்வரலாறு நமக்கு அயலானதன்று.

சொல்லுக்குத் துணை நிற்கும் பல்

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது நம்மவர் பழமொழி. இது வெறும் கேலிப் பேச்சன்று. எழுத்துகளின் பிறப்பை ஆராய்ந்த தொல்காப்பியர், பல்லும் இதழும் பொருந்த வகரம் பிறக்கும் என்றும், நாவின் நுனி பல்லின் அடியைச் சென்று பொருந்தத் தகர நகரங்கள் பிறக்கும் என்றும் வகுத்துள்ளார். எழுத்தைக் கற்பிக்கும் ஆசிரியனுக்குப் பல்லும் ஒரு பாடக்கருவியே எனலாம்.

மேல்வரிசையின் நடுவிலுள்ள இரண்டு நிலைப்பற்களும் ஆறு முதல் எட்டு வயதுக்குள் முளைக்கின்றன. அவை முளைத்த சில ஆண்டுகளிலேயே, ஓடியாடும் பருவத்தில், அடிபட்டு உடைவது மிகுதி. பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளுக்கும், பல் முன்னே நீண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் இவ்விபத்து அதிகம் நேர்கிறது. பல்லின் மேலோடாகிய பற்சிப்பி, உடலிலுள்ள பொருள்கள் அனைத்தினும் கடினமானது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் தாதுப்பொருளே. எனினும் அதில் உயிரணுக்கள் இல்லை. முறிந்த எலும்பு மீண்டும் கூடும். கிழிந்த தோல் மீண்டும் மூடும். உடைந்த பற்சிப்பியோ மீண்டும் வளராது. எட்டு வயதில் உடைந்த பல்லோடுதான் அறுபது எழுபது ஆண்டுகள் வாழ்ந்தாக வேண்டும்.

பல் உடைந்த பிள்ளையை வகுப்பில் எளிதில் கண்டுகொள்ளலாம். சிரிக்கும்போது கை வாயருகே செல்லும். விடை தெரிந்திருந்தும் எழுந்து சொல்லாது. சபைகூடலில் செய்யுள் ஒப்புவிக்கப் பெயர் கொடுக்காது. விளையாட்டுத் தோழர் சூட்டிய பட்டப்பெயர் ஒன்று அதன் பின்னாலேயே வரும். இந்தக் கூச்சம் ஆண்டுக்கணக்கில் நீடித்து, வேலைக்கான நேர்முகத் தேர்வு வரையிலும் தொடர்வதுண்டு. உடைந்தது அரிசிமணி அளவேயாயினும், அதனால் அடைபடுவது ஒரு பிள்ளையின் வாய். செலவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் இதனை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

எளியவர் வாயிலிருந்து செல்வர் வாய்க்கு

பல் மருத்துவத்தை முறையான கலையாக வகுத்தவர் பிரான்சு நாட்டின் பியர் ஃபோஷார். 1728ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பெருநூல், பல் மருத்துவர்கள் தம் அறிவைப் பிறர் அறியாவண்ணம் மறைத்து வைத்திருந்த வழக்கத்தை உடைத்தது. முன்பல் உடைந்து வேர் மட்டும் நின்றால், அவ்வேரினுள் பொன் அல்லது வெள்ளியாலான சிறு முளையைச் செருகி, அதன்மேல் செதுக்கிய பல்லைப் பொருத்தும் முறையை அவர் அந்நூலில் விளக்கினார். விலங்குகளின் எலும்பும் தந்தமும் பல்லாகச் செதுக்கப்பட்டன. மனிதப் பல்லும் பயன்பட்டது.

மனிதப் பல் எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு உரிய விடை மனத்தை வருத்துவது. பதினெட்டாம் நூற்றாண்டின் இலண்டன் மாநகரில் வறியவர்கள் தம் பற்களைக் காசுக்கு விற்றனர். 1771ஆம் ஆண்டில் பற்களின் இயல்பைப் பற்றி நூல் எழுதிய புகழ்மிக்க அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர், ஒருவர் வாயிலிருந்து பிடுங்கிய பல்லை உடனே மற்றொருவர் வாயில் நடும் முறையைப் பரப்பினார். செல்வர் வீட்டுப் பெண்ணுக்கு வேண்டிய முன்பல், புகைக்கூண்டு துடைக்கும் சிறுவனின் வாயிலிருந்து பிடுங்கப்படும் கொடுமையை ஓவியர் தாமஸ் ரோலண்ட்சன் 1787ஆம் ஆண்டில் கேலிச்சித்திரமாக வரைந்து காட்டினார். நட்ட பல் பெரும்பாலும் நிலைக்கவில்லை. நோய் தொற்றும் என்ற அச்சமும் எழுந்தது. 1815ஆம் ஆண்டு வாட்டர்லூப் போரில் மாண்ட வீரர்களின் பற்களும் திரட்டப்பட்டு விற்பனைக்கு வந்தன. அதனால் மனிதப் பற்களுக்கு ‘வாட்டர்லூப் பற்கள்’ என்ற பெயரே வழங்கலாயிற்று.

எளியவர் பல்லுக்கு மருத்துவம் இல்லாத காலத்திலும் விலை மட்டும் இருந்தது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. பீங்கானால் பல் செய்யும் முறைக்கு நிக்கோலா துபுவா தெ ஷெமான் என்பவர் 1791ஆம் ஆண்டில் இலண்டனில் காப்புரிமை பெற்றார். பீங்கான் பற்கள் பெருகப் பெருக, மனிதப் பல்லை வாங்கி விற்கும் வழக்கம் மெல்ல மறைந்தது.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் சார்லஸ் லேண்ட் என்னும் பல் மருத்துவர், பல்லைச் சுற்றிலும் செதுக்கிச் சிறிதாக்கி அதன்மேல் பீங்கான் உறையை மாட்டும் முறையை வளர்த்து, 1903ஆம் ஆண்டளவில் அதனை நிறைவு செய்தார். அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியே பறந்து கடந்த சார்லஸ் லின்ட்பெர்க் இவருடைய மகள்வழிப் பேரனாவார். பீங்கான் உறை இயற்கைப் பல் போலவே விளங்கிற்று; அழகில் குறையில்லை. ஆனால் முனையில் சிறிது உடைந்த பல்லைச் செப்பனிட, நன்றாக இருந்த எஞ்சிய பகுதியையும் செதுக்கித் தள்ள வேண்டியிருந்தது. சிறுவர் பல்லில் உள்ளிருக்கும் பற்கூழ் பெரிதாதலால் இவ்வாறு செதுக்குவது அவர்களுக்கு ஏற்றதன்று. பொருளும் நேரமும் கைத்திறனும் மிகுதியாக வேண்டியதால் எளியவர் கைக்கு அஃது எட்டவுமில்லை.

நம் காட்டு மரமும் நம் தோட்டத்துப் பாலும்

இவ்வரலாற்றில் நம் நாட்டின் பங்கு ஈண்டு நோக்கத்தக்கது. மலாயாக் காடுகளில் வளர்ந்த ‘தாபான்’ என்னும் மரத்தின் பாலை மலாய் மக்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். வெந்நீரில் இட்டால் அது மெழுகுபோல் இளகும். ஆறினால் வேண்டிய வடிவில் இறுகி நிற்கும். பாராங் கத்திக்கு அதனால் கைப்பிடி செய்வர். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி இதன் அருமையை உணர்ந்து, 1843ஆம் ஆண்டில் இலண்டனுக்கு மாதிரி அனுப்பினார். ‘கெத்தா பெர்ச்சா’ என்னும் மலாய்ப் பெயரே உலகப் பெயராயிற்று. கெத்தா என்பது மரப்பாலைக் குறிக்கும் மலாய்ச்சொல். நம் தோட்டப்புறத்து மக்கள் ரப்பர் மரத்தைக் ‘கித்தா மரம்’ என்பதும் இச்சொல்லின் வழி வந்ததே.

கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இப்பால் பெருமளவில் தேவைப்பட்டதால் தாபான் மரங்கள் காடு காடாக வெட்டி வீழ்த்தப்பட்டன. அதே வேளையில் பல் மருத்துவரும் இதனைக் கைக்கொண்டனர். 1847ஆம் ஆண்டில் ஹில் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் இதனைப் பல் குழியை அடைக்கும் பொருளாக்கினார். 1867ஆம் ஆண்டில் போமன் என்பவர் பல்வேரின் உட்குழலை நிரப்ப இதனைப் பயன்படுத்தினார். முன்பல் ஆழமாக உடைந்து பற்கூழ் அழிந்துவிட்டால், உட்குழலைத் துப்புரவு செய்து, இதனால் நிரப்பிப் பல்லைக் காக்கும் முறை இன்றளவும் உலகெங்கும் நடைமுறையில் உள்ளது. பாராங் கத்தியின் பிடியாக இருந்த பொருள், பிடுங்கப்பட இருந்த எத்தனையோ பற்களை வேரோடு நிலைநிறுத்தியிருக்கிறது.

மற்றொரு பால், ரப்பர்ப் பால். சார்லஸ் குட்இயர் 1844ஆம் ஆண்டில் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய தம்பி நெல்சன் 1851ஆம் ஆண்டில் கெட்டி ரப்பருக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை பொன்தகட்டிலும் தந்தத்திலும் செய்யப்பட்ட செயற்கைப் பல்லின் தாங்கி, இனி மலிவான கெட்டி ரப்பரில் அமையலாயிற்று. நடுத்தர மக்களும் பல் கட்டிக்கொள்ள முடிந்தது. ஆனால் இம்முறையின் உரிமையைக் கையில் வைத்திருந்த அமெரிக்க நிறுவனம், பல் மருத்துவர் ஒவ்வொருவரிடமும் உரிமைக் கட்டணம் கேட்டது. கொடாதவர்மேல் வழக்குத் தொடுத்தது. பகை முற்றி, 1879ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் பொறுப்பாளரான ஜோசையா பேக்கன் என்பவரைச் சான் பிரான்சிஸ்கோ நகரில் பல் மருத்துவர் ஒருவர் சுட்டுக் கொன்றார். 1881ஆம் ஆண்டில் காப்புரிமை முடிவுற்ற பின்னரே கெட்டி ரப்பர் தடையின்றிப் பரவிற்று. பொருள் மலிவாக இருந்தால் மட்டும் போதாது, அதனை அடையும் வழியும் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

1877ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தை வந்தடைந்தன. அடுத்த நாற்பது ஆண்டுகளில் மலாயா உலகிலேயே மிகுதியாக ரப்பர் விளைவிக்கும் நாடாயிற்று. அந்த வளத்தை உண்டாக்கிய கைகளில் பெரும்பாலானவை தமிழர் கைகள். அக்கைகளுக்குரியவர்களின் வாயில் பல் உடைந்தபோது என்ன நடந்தது?

பிடுங்குதலும் பொன் கட்டுதலும்

1920ஆம் ஆண்டுகளின் இறுதியில் தோட்டங்களில் ஆணுக்கு நாட்கூலி சுமார் 50 காசு. பெண்ணுக்குச் சுமார் 40 காசு. அடுத்து வந்த பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைந்தது. பட்டம் பெற்ற பல் மருத்துவர் பட்டணத்தில் இருந்தார். அவரிடம் செல்வதென்றால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். வண்டிச் சத்தம் கொடுக்க வேண்டும். அதன் பின்னரே மருத்துவக் கட்டணம். தோட்டத்து மருந்துக்கடையில் இருந்தவர் டிரஸ்ஸர். காய்ச்சலுக்குக் கொயினாவும் புண்ணுக்குக் களிம்பும் கொடுத்த அவரிடம் பல்லுக்கு இருந்தது பெரும்பாலும் ஒரு குறடுதான். நோவு பொறுக்குமளவும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது, பொறுக்க முடியாதபோது பிடுங்குவது என்பதே லயத்து வீடுகளின் வழக்கமாயிற்று.

பட்டணத்துக் கடைத்தெருக்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் பற்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்த சீனர் பல்கடைகள் மற்றொரு வழியைக் காட்டின. முறையான பட்டம் இல்லாவிடினும் தந்தையிடமிருந்து மகனுக்கு வழிவழியாக வந்த கைத்தொழில் அது. கையில் காசு சேர்ந்தவர்கள் அங்கே சென்று உடைந்த முன்பல்லுக்குப் பொன் உறை இட்டுக்கொண்டனர். பொன்பல் குறையை மறைத்ததோடு செல்வத்தையும் காட்டிற்று. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் அதனை விரும்பினர். ஆனால் உறையின் உள்ளே பல் சொத்தையாகி அழிவதை வெளியிலிருந்து காண முடியாது. பல மூத்தோர் பொன்னையும் இழந்து பல்லையும் இழந்தனர்.

பட்டம் பெற்ற மருத்துவர்களை இங்கேயே உருவாக்கும் பணி 1929ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கிற்று. ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் அவ்வாண்டில் பல் மருத்துவப் பிரிவு திறக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டில் வந்த பதிவுச் சட்டம் தொழில் செய்வோரைப் பதிவுக்குள் கொண்டுவந்து ஒழுங்குபடுத்த முற்பட்டது. எனினும் அக்காலத்து மருத்துவரிடமும், முனை உடைந்த பல்லை எளிதாகவும் மலிவாகவும் செப்பனிட ஏற்ற பொருள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சிலிக்கேட்டுச் சிமிட்டி பல்நிறத்தில் இருந்தது. ஆனால் குழியினுள் நிற்குமேயன்றி முனையில் நில்லாது. உமிழ்நீரில் கரையவும் செய்யும். இரண்டாம் உலகப்போரை ஒட்டி வந்த அக்ரிலிக்குப் பிசின் இறுகும்போது சுருங்கிற்று. ஓரங்களில் கறை படிந்தது. எந்தப் பொருளும் பல்லோடு தானே ஒட்டவில்லை. ஒட்டாத பொருளைப் பிடித்து நிறுத்தக் குடைய வேண்டும். குடைந்தால் பல் மெலியும். இந்த முட்டுக்கட்டையை நீக்கியது ஓர் எளிய எண்ணம்.

ஒட்டும் வழி கண்ட ஆண்டு

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரிலிருந்த ஈஸ்ட்மன் பல் மருந்தகத்தில் ஆராய்ச்சி செய்தவர் மைக்கேல் புவோனகோரி. இரும்பின்மேல் வண்ணம் நன்கு பற்ற வேண்டுமாயின் முதலில் பாஸ்பாரிக் அமிலத்தால் அதன் முகத்தைப் பக்குவப்படுத்துவது தொழிற்சாலைகளின் வழக்கம். அதனையே பல்லில் செய்து பார்த்தால் என்ன என்று அவர் எண்ணினார். நூற்றுக்கு 85 பங்கு வலிமையுள்ள அவ்வமிலத்தைப் பற்சிப்பியில் 30 விநாடி பூசிக் கழுவி, அதன்மேல் அக்ரிலிக்குத் துளியை வைத்தார். அமிலம் பூசாத பல்லில் வைத்த துளி விரைவில் உதிர்ந்தது. பூசிய பல்லில் வைத்தது பல நாள் நின்றது. கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகளை அமிலம் உண்டாக்க, பிசின் அவற்றுள் இறங்கி வேர்விட்டதுபோல் பற்றிக்கொண்டதே காரணம். 1955ஆம் ஆண்டில் வெளியான அவருடைய கட்டுரை சில பக்கங்களே கொண்டது. அதன் பயனோ அளவிடற்கரியது.

ஒட்டும் வழி கிடைத்தது. ஒட்டுவதற்கு ஏற்ற உறுதியான பொருள் வேண்டுமே! அமெரிக்க அரசின் தேசியத் தர நிர்ணய நிலையத்தில் பணியாற்றிய ரஃபேல் போவென், புதுவகைப் பிசினோடு நுண்ணிய கண்ணாடிக்கல் துகளைப் பிணைத்துக் கலவைப் பிசின் ஒன்றை ஆக்கி, 1962ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இன்று ‘காம்போசிட்’ எனப்படும் பொருளுக்கு இதுவே மூலம். 1970ஆம் ஆண்டுகளின் இறுதியில், நீலவொளியைக் காட்டிச் சில விநாடிகளில் அதனை இறுகச் செய்யும் கருவிகள் வந்தன. மருத்துவர் பொறுமையாக வடிவமைத்து, நிறம் பார்த்து, திருத்தம் செய்து, பின்னர் ஒளியைக் காட்டி இறுகச் செய்யலாம். குடைதல் இல்லை, அல்லது மிகக் குறைவு. தொழிற்கூடத்துக்கு அனுப்பிக் காத்திருப்பதும் இல்லை. ஒரே அமர்வில் ஒரு பிள்ளையின் பல்லை முழுமையாக்க முடிந்தது. பல நூற்றாண்டுகளாகப் பொன்னும் பீங்கானும் செய்ய இயலாத ஒன்றை அமிலமும் பிசினும் செய்தன. செலவைக் குறைத்தன, பல்லையும் காத்தன.

பள்ளிக்கு வந்த பல் தாதி

மலிவான முறை தோன்றினாலும், அதனைச் செய்யும் கை எளியவரை அடைய வேண்டும். இதற்கு வழிகாட்டியது நியூசிலாந்து. முதல் உலகப்போருக்கு ஆள் திரட்டியபோது இளைஞர் பற்களின் கேட்டைக் கண்டு அந்நாடு திடுக்கிட்டது. தாமஸ் ஹண்டர் என்பாரின் முயற்சியால் 1921ஆம் ஆண்டில் வெலிங்டன் நகரில் பெண்களுக்குப் பயிற்சியளித்து, பள்ளிப்பிள்ளைகளின் பற்களைக் காக்கும் பல் தாதியராக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. பட்டம் பெற்ற மருத்துவர் போதாத நாட்டில், குறித்த சில பணிகளைப் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைக்கலாம் என்பதே இதன் அடிப்படை. ஆசிரியர் பயிற்சியைப் பற்றி நாம் அறிந்தவற்றோடு இஃது ஒத்திருப்பது காண்க.

இம்முறையைத் தழுவி 1949ஆம் ஆண்டில் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. அங்கே பயின்றவர்கள் அரசாங்கப் பணியில் அமர்ந்து பள்ளிப்பிள்ளைகளின் பற்களைக் கவனித்தனர். மலாயாப் பல்கலைக்கழகம் 1972ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் பல் மருத்துவப் புலத்தைத் தொடங்கியபின் மருத்துவர் தொகையும் பெருகிற்று. 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம் பல் தாதியரைப் பல் சிகிச்சையாளர் என்று பெயரிட்டு அவர்களுக்குப் பதிவு முறையையும் வகுத்தது.

பள்ளிகளில் பணியாற்றிய எவரும் அக்காட்சியை மறந்திரார். மடக்கி விரிக்கும் நாற்காலியும் பெட்டிகளும் மண்டபத்தில் இறங்கும். கிராம்பெண்ணெயின் மணம் வகுப்பறை வரை வரும். பிள்ளைகள் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பர். துணிந்தவன் முன்னால் நிற்பான். அஞ்சியவன் வரிசையின் வாலில் ஒளிவான். தோட்டத்துப் பள்ளியாயினும் பட்டணத்துப் பள்ளியாயினும் ஒரே சிகிச்சை, அதற்குக் கட்டணமில்லை. பட்டணத்துக்குச் செல்லக் கூலியை இழக்க வேண்டியிருந்த பெற்றோரின் பிள்ளைக்கு, பட்டணமே பள்ளிக்கு வந்தது.

குறைந்த செலவில் கிட்டும் வழிகள்

இவ்வளவு வரலாறும் இன்று நமக்குக் கைகொடுக்க வேண்டுமாயின், உடைந்த முன்பல்லுக்கு உள்ள வழிகளைச் செலவு குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்தி அறிந்துகொள்ளுதல் நன்று.

முதலாவது, மழுக்குதல். பற்சிப்பியின் ஓரம் மட்டும் சிறிது உடைந்திருந்தால், கூர்முனையை மெல்லத் தேய்த்து வழவழப்பாக்கினால் போதும். சில நிமிட வேலை. பொருட்செலவு இல்லையென்றே சொல்லலாம்.

இரண்டாவது, உடைந்த துண்டையே ஒட்டுதல். துண்டு கிடைத்து, அது பொருந்துமாயின், அமிலம் பூசிக் கலவைப் பிசினால் மீண்டும் இணைக்கலாம். நிறமும் வடிவமும் பளபளப்பும் அப்பிள்ளையினுடையவையே. வேறெந்தப் பொருளும் இதற்கு ஈடாகாது. துண்டு உலராமல் இருப்பது இதற்கு மிக இன்றியமையாதது.

மூன்றாவது, கலவைப் பிசினால் முனையைக் கட்டி எழுப்புதல். துண்டு தொலைந்தவர்க்கு இதுவே ஏற்ற வழி. பெரும்பாலும் ஒரே அமர்வில் முடியும். காலப்போக்கில் நிறம் மங்கலாம். கடினமானதைக் கடித்தால் பெயரலாம். ஆயினும் அதன்மேலேயே மீண்டும் செப்பனிட இயலும். வளரும் பிள்ளைகளுக்குப் பீங்கானைவிட இதுவே தக்கது.

நான்காவது, முன்முகத்தில் மெல்லிய தகடாக ஒட்டும் வெனீர். ஐந்தாவது, முழு உறை. இவை செலவு மிக்கவை. பல் பெரிதும் உடைந்த பெரியவர்க்கே இவை பெரும்பாலும் தேவைப்படும். சிறு உடைவுக்காக யாரேனும் முழு உறையை வலியுறுத்தினால், வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேட்பது அறிவுடைமை.

பற்கூழ் வெளிப்பட்டு இரத்தப் புள்ளி தெரியுமாயின் காலம் தாழ்த்தலாகாது. சிறுவர் பல்லில், மேற்பகுதிக் கூழைச் சிறிது நீக்கி மருந்திட்டு மூடினால் எஞ்சிய கூழ் உயிரோடு இருக்கும் என்பதைச் சுவீடன் நாட்டு மருத்துவர் செவெக் 1978ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். உடனே சென்றால் எளிய சிகிச்சை. தாமதித்தால் வேர்ச் சிகிச்சை. மேலும் தாமதித்தால் பல்லே போகும். செலவும் அவ்வாறே படிப்படியாக ஏறும்.

எங்கே செல்வது? மலேசியாவில் அரசாங்கப் பல் மருத்துவ நிலையங்களில் கட்டணம் மிகக் குறைவு. பல்கலைக்கழகப் பல் மருத்துவ நிலையங்களில் ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்யும் சிகிச்சையும் தனியார் கட்டணத்தைவிடக் குறைவாகவே இருக்கும். நேரம் மட்டும் கூடுதலாகும். சிங்கப்பூரில் பள்ளிப் பல் மருத்துவச் சேவையும் பலதுறை மருந்தகங்களும் அரசாங்க உதவித் திட்டங்களும் உள்ளன. இவற்றை விடுத்து, மலிவென்று விளம்பரம் செய்யும் அழகு நிலையங்களிலும் தெருமுனைகளிலும் பல் ஒட்டிக்கொள்வோர் உண்டு. பொன் உறைக்குள் பல் அழிந்த பழங்கதையே அங்கு வேறு வடிவில் மீண்டும் நடக்கிறது. கடையில் விற்கும் பசையை வாயில் வைப்பதும் தீங்கானது.

ஆசிரியரும் பெற்றோரும் அறிய வேண்டியவை

பிள்ளையின் பல் உடைந்தவுடன் வாயைத் தூய நீரால் கொப்புளிக்கச் செய்க. உடைந்த துண்டைத் தேடுக. மண்ணிலும் தேடுக, கிழிந்த உதட்டினுள்ளும் பார்க்க. கிடைத்த துண்டைப் பாலிலோ நீரிலோ இட்டு, அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்க. நிலைப்பல் முழுதாகக் கழன்று விழுந்திருந்தால், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, அழுக்கிருந்தால் மெல்லக் கழுவி, இயன்றால் அதே இடத்தில் பொருத்துக. இயலாவிடின் பாலில் இட்டு உடனே விரைக. அங்கே ஒவ்வொரு நிமிடமும் அருமையானது. பால்பல்லாயின் மீண்டும் பொருத்தலாகாது. நோவு நின்றுவிட்டது என்று இருந்துவிடாமல், சில மாதங்கள் பல்லின் நிறத்தைக் கவனித்து வருக. பல் கருத்து வந்தால் உள்ளே பற்கூழ் நலிகிறது என்பது பொருள்.

பள்ளி மருந்துப் பெட்டியில் பஞ்சும் மருந்தும் வைத்திருக்கிறோம். சிற்றுண்டிச் சாலையில் பால் எப்போதும் உண்டு. அதில் ஒரு சிறு குவளை, ஒரு பிள்ளையின் பல்லுக்குரிய முதல் மருந்து என்பதை எல்லா ஆசிரியரும் அறிந்திருத்தல் வேண்டும். ஆசிரியர் பயிற்சியில் முதலுதவி கற்பிக்கும்போது இதனையும் ஒரு பாடமாகச் சேர்த்தல் நலம்.

முடிவுரை

ஒரு காலத்தில் எளியவர் பல் செல்வருக்கு விற்கப்பட்டது. பின்னர் எளியவர் பல் பிடுங்கப்பட்டது. இன்று எளியவர் பல்லும் அன்றே செப்பனிடப்படலாம். இம்மாற்றத்தைத் தந்தவை மூன்று: பல்லைக் குடையாமல் ஒட்டக் கற்ற அறிவியல், அதனைப் பள்ளி வாயிலுக்குக் கொண்டுவந்த பொதுப்பணி, உடைந்த துண்டைத் தூக்கி எறியாமல் எடுத்து வைக்கும் அறிவு. முதலிரண்டையும் பிறர் நமக்கு ஆக்கித் தந்துவிட்டனர். மூன்றாவதை நாமே நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் பரப்ப வேண்டும். அதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. நம் முன்னோர் பால் வெட்டி வளர்த்த இந்நாட்டில், காசில்லை என்ற காரணத்தாலோ அறியாமை என்ற காரணத்தாலோ ஒரு தமிழ்ப்பிள்ளையும் கையால் வாய் பொத்திச் சிரிக்கும் நிலை வேண்டா. அப்பிள்ளை எழுந்து நின்று வகரத்தையும் தகரத்தையும் தெளிவாக ஒலித்துத் தமிழ் பேசட்டும்.